டை ராட் எண்டு கழட்டணும்னா அடி எங்க விழணும்

மும்பைல கார் வேலை பாக்குறவனுக்கு பாதி நேரம் துருவோடதான் சண்டை. கடல் காத்து வருஷம் பூரா இருக்கு, அது பத்தாதுன்னு ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் மழை, ஹிந்த்மாதா, சயான் பக்கம் தண்ணி நின்னா வண்டி அதுல இறங்கித்தான் வரணும், அப்புறம் கீழ இருக்குற நட்டு போல்ட்டு எல்லாம் கெட்டியா புடிச்சுக்கும். நான் செம்பூர், மாட்டுங்கா, ஆண்டாப் ஹில் பக்கம் வீட்டுக்கே போய் பில்டிங் பார்க்கிங்ல வேலை செய்றேன். தாங்களே முயற்சி பண்ணி பாத்துட்டு முடியாம என்னை கூப்பிடுறவங்க அதிகமா மாட்டிக்கிறது டை ராட் எண்டுலதான், அதாவது ஸ்டியரிங்ல இருந்து வர்ற ராடை வீலோட சேர்க்குற மூட்டுல.

செம்பூர்ல ரிட்டயர் ஆன சார் ஒருத்தர். "ராத்திரியே ஆயில் ஊத்தி வச்சேன் தம்பி, நட்டையும் கழட்டிட்டேன், இம்மி கூட அசைய மாட்டேங்குது" ன்னாரு. குனிஞ்சு பாத்தா நட்டு தனியா தரைல கிடக்கு, ஸ்டட்டோட, அதாவது அந்த மூட்டுல இருந்து நீட்டிக்கிட்டு இருக்குற மரை போட்ட கம்பியோட, முனை கீழ இருந்து அடி வாங்கி விரிஞ்சு போயிருக்கு. வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, பின் வீலுக்கு கல்லு வச்சிருந்தாரு, அது ரொம்ப சந்தோஷம், வெறும் ஜாக்கை நம்பி சுத்தியல் தூக்குறவங்களைப் பாத்தா எனக்கு வயித்தைக் கலக்கும்.

விஷயம் என்னன்னா அதை புடிச்சுக்கிட்டு இருக்குறது நட்டு இல்ல, டேப்பர். ஸ்டட் மேல தடியா, கீழ போகப்போக ஒல்லியா இருக்கும், நக்கிள்ல, அதாவது வீலைத் தாங்குற பாகத்துல, இருக்குற ஓட்டையும் அதே சரிவு, நட்டை இறுக்கும்போது அது உள்ள போய் ஆப்பு மாதிரி இறுகிடும், நட்டை எடுத்தாலும் உராய்வே போதும், விடாது. அந்த இடத்துக்குள்ள ஆயிலும் சரியா இறங்காது, மரைக்குத்தான் உதவும். முனைல அடிச்சா மரை போகுமே தவிர டேப்பர் விடுறது அபூர்வம்.

அடிக்க வேண்டியது நக்கிளோட அந்த ஓட்டையை சுத்தி இருக்குற இரும்புல, பக்கவாட்டுல. நட்டை நாலு மரைக்கு திருப்பி மாட்டிக்கணும், விடும்போது தெறிச்சு விழாது, மரையும் பிழைக்கும். எதிர்ப்பக்கம் ஒரு கனமான சுத்தியலை முட்டுக் குடுத்து இந்தப் பக்கம் பளிச்சுன்னு அடிச்சா ஓட்டை ஒரு கணம் நசுங்கி நிமிரும், அதுல ஸ்டட் பிடி விட்டுரும். பலம் முக்கியமில்ல, அடி குறுக்கால சுருக்குன்னு விழணும். அதுக்கும் மசியலைன்னா ஸ்டட்டை அழுத்தி வெளிய தள்ளுற புல்லரை மாட்டி நல்லா இறுக்கிட்டு அதே இடத்துல ஒரு தட்டு. நக்கிள் அலுமினியமா இருந்தா சுத்தியலே வேண்டாம், புல்லர் மட்டும்தான்.

சாருக்கு முதல்ல அந்த விரிஞ்ச முனையை அரத்தால ராவி நட்டை ஏத்த வேண்டியிருந்துச்சு, அதுக்குத்தான் நேரம் ஆச்சு, அப்புறம் டொக்குன்னு விட்டுருச்சு.

கவட்டை மாதிரி ஒரு ஃபோர்க் இருக்கே, அதை சொருகி அடிச்சா சீக்கிரம் வந்துரும், ஆனா மூட்டை மூடியிருக்குற ரப்பர் பூட் கிழிஞ்சிரும், தூக்கிப் போடப் போற பார்ட்டுக்கு மட்டும்தான் அதை எடுப்பேன். நெருப்பு காட்டுறதும் கூடாது, உள்ள கிரீஸ் இருக்கு, பூட் எரியும்.

இன்னொண்ணு, எண்டு திரும்பாம புடிச்சுக்கிட்டு ராடுல இருக்குற லாக் நட்டை டேப்பர் விடுறதுக்கு முன்னாடியே லூஸ் பண்ணிக்கணும், விட்டப்புறம் ராடு கைல சுத்திக்கிட்டே இருக்கும். லாக் நட்டு நின்ன இடத்துல வெள்ளை பெயிண்ட்ல ஒரு கோடு போட்டுக்கணும், திருப்பி அதே இடத்துல மாட்ட.

திருப்பி மாட்டும்போது டேப்பரைத் துடைச்சு காய வச்சு மாட்டணும், கிரீஸ் வைக்கக் கூடாது. மேனுவல்ல சொன்ன டார்க்குக்கு (இறுக்குற அளவுக்கு) இறுக்கி, நட்டு கழறாம தடுக்குற ஸ்ப்ளிட் பின்னோட ஓட்டை நேரா வரலைன்னா இன்னும் கொஞ்சம் இறுக்கணும், பின்னாடி திருப்பவே கூடாது. சார் பழைய பின்னை நிமித்தி வச்சிருந்தாரு, "இதையே போட்டுக்கலாமா தம்பி" ன்னாரு. "வேண்டாம் சார், ஸ்டியரிங்கு, புதுசுதான் போடணும்" னு சொல்லி என் பைல இருந்ததை எடுத்துக் குடுத்தேன்.

எதிர்ப்பக்க வீலையும் ரெண்டு கையால புடிச்சு ஆட்டிப் பாத்தா ஆட்டம் இருந்துச்சு, அந்தப் பக்க எண்டை அவரே கழட்டினாரு, நான் முட்டு மட்டும் குடுத்தேன். முடிஞ்சதும் நேரா வீல் அலைன்மெண்ட்டுக்குப் போகச் சொன்னேன், கோடு வச்சு மாட்டினாலும் டோ, அதாவது முன் வீலுங்க உள்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பியிருக்குற அளவு, கொஞ்சம் மாறத்தான் செய்யும், அப்படியே ஓட்டினா புது டயர்கூட ஒரு ஓரமா தேய ஆரம்பிச்சிரும்.