தந்திக்கும் மெட்டுக்கும் நடுவே

"அண்ணே, கேட்டுட்டு உள்ளதச் சொல்லுங்க."

ராத்திரி ஒன்பதரைக்குக் கடை ஷட்டரை இறக்கிவிட்டு, டவுன்ஹால் ரோட்டு முனையில் டீ சொல்லி அது கைக்கு வருவதற்குள் இப்படி ஐந்தாறு வீடியோவாவது போனில் வந்து விழுந்திருக்கும். இசைக்கருவிக் கடையில் பழுது பார்க்கிற வேலை எனக்கு. பதினேழு வருஷம் ஆகிறது. ஆர்மோனியத் துருத்தி ஒட்டுவது, தபலா வார் இறுக்குவது, கிடாருக்குத் தந்தி மாற்றுவது என்று ஓடிக்கொண்டிருந்த மேஜைக்கு 2020 ஊரடங்குக்குப் பிறகு, குட்டிக் கிடார் மாதிரி நாலு தந்தி உள்ள யூகுலேலேக்கள் வர ஆரம்பித்தன. வீட்டுக்குள் அடைந்து கிடந்த மாதங்களில் ஆன்லைனில் வாங்கியவை. பழுது பார்க்க வந்தவர்கள், "வாசிக்கவும் சொல்லிக் குடுங்களேன்" என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடை மாடியில் பாய் விரித்து உட்கார்ந்தோம். மிச்ச ஆறு நாளும் வீடியோ.

அலங்காநல்லூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் அப்பாவோடு கடையில் நிற்கிற பையன், திருமங்கலத்திலிருந்து வரும் மருந்துக் கம்பெனிக்காரர், கே.கே. நகரில் குடியிருக்கும் வங்கி அதிகாரி அக்கா. யாரும் மேடையேறப் போகிறவர்கள் இல்லை. சாப்பிட்டு, பாத்திரம் ஒதுங்கவைத்து, பிள்ளைகளைத் தூங்கப் போட்டுவிட்டு அரைமணி நேரம் வாசிக்கிறவர்கள். இவர்களிடம் குறையை எப்படிச் சொல்வது என்பது, அரமும் பசையும் பழகி ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குப் பிடிபட்டது. அதையும் ஒரு அசட்டுத்தனம் செய்துதான் கற்றுக்கொண்டேன்.

முதல் வருஷம் எல்லாருக்கும் ஒரே பதில்தான்: "நல்லாருக்கு." அதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. ஏழாம் வகுப்பில் இறைவணக்கம் பாட ஆள் எடுத்தபோது பாட்டு வாத்தியார் ஒருவர் என்னை வரிசையிலிருந்து வெளியே இழுத்து, "உனக்கு ஸ்ருதியே சேராதுடா, போய் உக்காரு" என்றார். அன்றைக்கு மூடிய வாய். இன்றுவரை நாலு பேர் முன்னால் பாடியதில்லை. பிழைப்பு என்னவோ ஸ்ருதி சேர்ப்பதிலேயே அமைந்துவிட்டது. வருகிற யாரையும் அப்படி நோகடித்துவிடக் கூடாது என்றிருந்தேன்.

திருமங்கலத்துக்காரர் என் 'நல்லாருக்கு'வை ஒரு ஞாயிற்றுக்கிழமை உடைத்தார். கார்டு என்றால் நாலு தந்தியும் சேர்ந்து ஒலிக்கிற ஒரு பிடி. கழுத்தில் குறுக்கே பதித்த கம்பிகள் மெட்டு, அவற்றுக்கு நடுவிலுள்ள இடம் கட்டம். சி கார்டு என்பது ஏ தந்தியில் மூன்றாவது கட்டத்தை அழுத்துவது. ஒரு விரல் வேலை. அதை மோதிர விரலால் பிடித்தால் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் எஃப் கார்டுக்குப் பக்கத்திலேயே காத்திருக்கும். இவர் ஆள்காட்டி விரலால் பிடித்துப் பழகியிருந்தார். ஒவ்வொரு முறை எஃப்புக்குப் போகவும் கை மொத்தமாகக் கிளம்பி இரண்டு கட்டம் தாவ வேண்டும். பாட்டு அந்த இடத்தில் நொண்டும். ஒரு வருஷமாக நொண்டியது. நான் விரலை மாற்றச் சொன்னதும் அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "போன வருசமே பாத்தீங்கள்லண்ணே? நல்லாருக்குன்னுதான சொன்னீங்க?" இறுகிப்போன பழக்கத்தைப் பிரிக்க அவருக்கு மூன்று மாதம் ஆனது. என் நல்ல மனசுக்கு அவர் கட்டிய வட்டி.

அதன் பிறகு நான் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டேன். அதுதான் அசட்டுத்தனம். கே.கே. நகர் அக்கா ஒரு வீடியோ அனுப்பினார். நான் வரிசை எண் போட்டு ஒன்பது குறை எழுதி அனுப்பினேன். எஃப் கார்டு ஸ்ருதி சேரவில்லை, காது கொடுத்துக் கேளுங்கள் என்பது முதலாவது. பி ஃப்ளாட்டில் பாதித் தந்தி பேசவில்லை. ஜி செவன் போகத் தாமதம். விரலை அளவுக்கு மீறி அழுத்துகிறீர்கள். கை சீக்கிரம் சோர்கிறது, பயிற்சி போதாது. இப்படிப் போகிறது. எழுதி முடித்தபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. கணக்குப் பரீட்சைப் பேப்பர் திருத்திய மாதிரி. அக்காவிடமிருந்து இரண்டே வார்த்தை பதில் வந்தது: "சரி தம்பி." அப்புறம் வீடியோவும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை ஆளும் இல்லை.

நாலு மாதம் கழித்து, அழகர் ஆற்றில் இறங்கி மலைக்குத் திரும்பிய மறுவாரம், கடைக்கே வந்தார். துணிப்பையில் யூகுலேலே. "யாராச்சும் சின்னப் புள்ளைக்கு வித்து விட்டுருங்க தம்பி. என் காதுக்கு இது சரிப்படல."

விலை சொல்ல வேண்டுமென்றால் கருவியைப் பார்க்க வேண்டும். சொப்ரானோ என்கிற சின்ன அளவு, ஒட்டுப்பலகை உடம்பு, நைலான் தந்தி. கருவியின் தலையில், ஸ்ருதி காட்டுகிற ட்யூனரைக் கவ்வவிட்டு ஜி, சி, இ, ஏ நாலையும் சேர்த்தேன். விரல் வைக்காத திறந்த தந்திகள் சுத்தமாக நின்றன. இ தந்தியில் முதல் கட்டத்தை அழுத்தினேன். எஃப் வர வேண்டிய இடம். முள் நடுவைத் தாண்டி வலப்பக்கம் சாய்ந்து நின்றது. நாலைந்து கோடு தள்ளி. மெதுவாக அழுத்திப் பார்த்தேன். அப்போதும் அப்படித்தான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

தலைப்பக்கத்தில் தந்திகள் உட்கார்ந்து வரும் ஒரு வெள்ளைப் பட்டை உண்டு, நட்டு என்போம். அதில் தந்திக்கு ஒன்றாக நாலு காடி, அதாவது பள்ளம். காடி ஆழமாக இல்லாவிட்டால் தந்தி உயரத்தில் நிற்கும். முதல் கட்டத்தில் அழுத்தும்போது அது கீழே போவதற்காக நீண்டு விறைக்கும், ஸ்ருதி ஏறிவிடும். வாசிப்பவர் காது எவ்வளவு நல்ல காதாக இருந்தாலும் எஃப் கார்டு சேராது. மலிவான கருவிகளில் இது சாதாரணம். தொழிற்சாலையில் காடியை நேரமெடுத்துத் தேய்க்க மாட்டார்கள். சோதிப்பதும் சுலபம். மூன்றாவது கட்டத்தில் தந்தியை அழுத்திக்கொண்டு முதல் மெட்டின் மேல் பார்த்தால், தந்திக்கும் மெட்டுக்கும் நடுவே ஒரு முடி நுழையத்தான் இடம் இருக்க வேண்டும். அக்காவின் கருவியில் எங்கள் கடை விசிட்டிங் கார்டு தாராளமாக நுழைந்தது.

பதினேழு வருஷம் இதே வேலை பார்க்கிறவன். மேஜைக்கு எது வந்தாலும் முதலில் மரத்தைப் பார்க்கிறவன். வீடியோவில் வந்ததும் மனுஷியைப் பார்த்துக் "காது" என்று எழுதிவிட்டேன்.

"உக்காருங்கக்கா. விக்க வேணாம். தப்பு இதுல இருக்கு."

அவர் உட்காரவில்லை. நின்றபடியே போனை எடுத்தார். அந்த மெசேஜை அழிக்காமல் வைத்திருந்தார்! நான் தந்தியைத் தளர்த்தி ஒதுக்கிவிட்டு ஊசி அரத்தால் காடியைத் தேய்க்க ஆரம்பித்தேன். இதில் அவசரம் ஆகாது. இரண்டு இழுப்பு, தந்தியைத் திரும்ப உட்காரவைத்து ஒரு பார்வை, மறுபடி இரண்டு இழுப்பு. காடி தலைப்பக்கம் சரிந்திருக்க வேண்டும். தந்தி முன்விளிம்பில்தான் தொட்டு நிற்க வேண்டும். ஒரு இழுப்பு கூடிப்போனால் திறந்த தந்தி மெட்டில் உரசி அதிரும். அப்புறம் எலும்புப் பொடியும் பசையும் வைத்துக் காடியை அடைத்துவிட்டு முதலிலிருந்து தேய்க்க வேண்டியதுதான்.

அக்கா ஒவ்வொன்றாக வாசித்தார், வங்கியில் வவுச்சர் சரிபார்க்கிற குரலில்.

"ஒண்ணு. எஃப் கார்டு ஸ்ருதி சேரவில்லை. இது யார் தப்பு?"

"நட்டு, அக்கா."

"ரெண்டு. பி ஃப்ளாட் பேசல."

"அதுவும் நட்டுதான். அம்புட்டு உயரத்துல ஒரு விரலால ரெண்டு தந்திய அமுக்கவே முடியாது."

"விரலை அளவுக்கு மீறி அழுத்துகிறீர்கள்."

"அழுத்தாம சத்தம் வந்திருக்காது."

"கை சோர்கிறது, பயிற்சி போதாது."

நான் அரத்தை ஊதினேன். பதில் சொல்லவில்லை. ஒன்பதில் ஐந்து அந்த வெள்ளைப் பட்டையின் கணக்கில் போனது. நாலுதான் அவருடையது. தந்தியை ஏற்றி, சேர்த்து, கையில் கொடுத்தேன். எஃப் பிடித்து ஒரு முறை மீட்டினார். சேர்ந்து ஒலித்தது. மறுபடி மீட்டினார். முகத்தில் சந்தோஷத்தைவிடக் கோபம்தான் அதிகம் தெரிந்தது. நாலு மாதக் கோபம். மன்னிப்புக் கேட்டேன். "வேலைக்கு உண்டான காச வாங்கிக்கங்க தம்பி. அந்த மெசேஜுக்கு ஒரு டீ வாங்கிக் குடுங்க" என்றார். வாங்கிக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து யார் வீடியோ அனுப்பினாலும் பாட்டுக்கு முன்னால் நாலு தந்தியையும் திறந்து ஒவ்வொன்றாக மீட்டச் சொல்கிறேன். பிறகு ஒவ்வொரு தந்தியிலும் முதல் கட்டம். இருபது வினாடி வேலை. பாதி வியாதி அதிலேயே தெரிந்துவிடும். ஜி தந்தியை ஒரு ஸ்தாயி கீழே இறக்கித் தொளதொளவென்று கட்டியிருப்பார்கள். கிடார் பழகியவர்களுக்கு மேல்தந்தி கனமாக இருக்க வேண்டும் என்று நினைப்பு. யூகுலேலேயில் வழக்கமாக ஜி, பக்கத்திலுள்ள சியைவிட ஸ்ருதியில் மேலே இருக்கும். புதுத் தந்தி போட்டவர்களுக்கு வேறு கதை. நைலான் ஒரு வாரத்துக்கு நீண்டுகொண்டே இருக்கும். பாட்டு பாதி போவதற்குள் ஸ்ருதி இறங்கிவிடும். அவர்களிடம் காதைப் பற்றிப் பேசுவது பாவம். சத்தம் சிறியது, பெரியது என்று போனில் கேட்டுத் தீர்ப்புச் சொல்வதையும் விட்டுவிட்டேன். போன் தன் இஷ்டத்துக்கு ஏற்றி இறக்கிப் பதிகிறது.

அலங்காநல்லூர் வாத்தியாரிடம் இந்த நட்டுக் கதையைச் சொன்னபோது அவர் வேறொரு கதை சொன்னார். 1879இல் போர்ச்சுகலின் மதீரா தீவிலிருந்து ராவன்ஸ்கிராக் என்ற கப்பல் ஹொனலுலு போய்ச் சேர்ந்தது. ஹவாய் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய வந்த கூட்டம். அதில் மானுவல் நூனெஸ், அகஸ்டோ டியாஸ், ஜோஸே டோ எஸ்பிரிட்டோ சாண்டோ என்று மூன்று மரவேலைக்காரர்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த மச்சேட்டே என்ற சின்னத் தந்திக்கருவியின் சாயலில் அவர்கள் அங்கே செய்து விற்றதுதான் யூகுலேலே ஆனது. கரும்புக்காட்டு ஊர்க்காரருக்கு அதில் தனிச் சந்தோஷம். "தச்சன் புள்ள சார் இது. அப்ப மொதல்ல தச்சன்ட்டதான காட்டணும்?" என்றார். பரவாயில்லை, என்னையும் தச்சன் கணக்கில் சேர்த்தாரே.

கருவியைப் பார்த்து முடித்தபின் ஆளைப் பார்க்கலாம். அப்போதும் ஒரு தடவைக்கு ஒரு குறைதான். நான் குரலில்தான் அனுப்புகிறேன். எழுத்தில் போட்டால் எங்கள் ஊரில் அது வைகிற மாதிரியே இருக்கும். எவ்வளவு பதமாக எழுதினாலும். 'நல்லாருக்கு' இன்னும் சொல்கிறேன், இடத்தைக் குறிப்பிட்டு. "இருபதாவது வினாடியில ஏ மைனர்லருந்து எஃப்புக்குப் போனீங்கள்ல, மத்த விரலத் தூக்காம? அது நல்லாருந்துச்சு." நடுவிரல் ஜி தந்தியில் இருந்த இடத்திலேயே இருக்க, ஆள்காட்டி விரல் மட்டும் இ தந்தியில் வந்து உட்கார்ந்தால் போதும். பாதிப் பேர் அதைத் தெரியாமலே சரியாகச் செய்வார்கள். சொன்னால்தான் அடுத்த முறை தெரிந்து செய்வார்கள்.

பூ மார்க்கெட் பையனுக்கு எல்லாமே வெரசா. விடிவதற்குள் ஏலம் முடிகிற இடத்தில் வளர்ந்தவன். "பைய வாசிப்பா" என்று பத்து முறை சொல்லியிருப்பேன். எட்டு மணிக்குத் தூங்கி வழிகிற வீடியோ ஒன்று அனுப்பினான். வேகத்தைக் குறைத்தானே ஒழிய கார்டு மாறும் இடத்தில் அதே தடுமாற்றம். ஆக 'பைய' என்பதும் வெறும் வார்த்தைதான். கைக்கு அது ஒன்றும் சொல்லவில்லை. அவன் சின்ன வயசில் கொஞ்ச நாள் மிருதங்கம் பழகியவன் என்பது பிறகுதான் தெரிந்தது. "ஆதி தாளம் போடுவேல்ல? எட்டாவது எண்ணிக்கை, கடைசி வீச்சு. அதுல விரலத் தூக்கிரு. சமத்துக்கு, முதல் தட்டுக்கு, அடுத்த கார்டு உக்காந்திருக்கணும்." "அப்ப அந்த எட்டாவதுக்கு என்னண்ணே மீட்டுறது?" "ஒண்ணும் பிடிக்காத. திறந்த தந்திய மீட்டு." திறந்த நாலு தந்தியும் சேர்ந்தாலே ஒரு கார்டுதான், சி சிக்ஸ்த் என்பார்கள். சி ஸ்கேலில் போகிற பாட்டுக்கு அது குறுக்கே நிற்காது. மறுநாள் வீடியோவில் அவன் வேகம் குறையவே இல்லை. தடுமாற்றம் மட்டும் காணோம்.

கே.கே. நகர் அக்காவின் நாலு குறையில் மூன்றைத் தொடவில்லை. கட்டை விரலில் ஆரம்பித்தோம். கருவியின் கழுத்துக்குப் பின்னால் நிற்க வேண்டிய விரல் மேலேறி ஜி தந்தியை உரசுகிறது. அதைச் சொன்ன வாரம் அவர் அனுப்பிய வீடியோவில் முகம் தெரிந்தது, மின்விசிறி தெரிந்தது, சுவரில் மாட்டிய மீனாட்சி காலண்டர் தெரிந்தது. விரல் தெரியவில்லை. போனைக் கொஞ்சம் இடப்பக்கமாக வைத்து மறுபடி எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.