தறிச் சத்தத்துக்கு நடுவே ஒரு குறும்படம்

காலேஜ் குறும்படத்துக்கு அஞ்சு பேர் சேர்ந்தால் நாலு பேர் கேமராவைச் சுற்றித்தான் நிற்பார்கள். மைக் பிடிக்க, அன்றைக்குச் சும்மா இருக்கிற யாரையாவது கூப்பிடுவார்கள். படம் கெடுவது பெரும்பாலும் அங்கேதான். ஃபோகஸ் கொஞ்சம் தவறினால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். வசனம் புரியாவிட்டால் செல்போனை எடுத்துவிடுவார்.

அதிலும் சோமனூர், பல்லடம் பக்கம் வீட்டுக்குள் ஷூட்டிங் வைத்தால், நாலு வீடு தள்ளி ஓடும் விசைத்தறி கூட மைக்கில் விழும். ஃபேன், ஏசி மாதிரி ஒரே சீரான இரைச்சலை எடிட்டிங்கில் ஓரளவு குறைக்கலாம். தறி தடதடவென்று அடித்துக்கொண்டே இருக்கும், மனிதக் குரல் இருக்கிற அலைவரிசை முழுக்கப் பரவும். அதை அழிக்கப் போனால் குரலும் தண்ணீருக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி ஆகிவிடும்.

இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. மின்வாரியத்தின் பராமரிப்பு மின்தடை எந்த ஏரியாவில் என்று முதல் நாளே பேப்பரில் வரும். அந்தப் பகலில் பக்கத்துத் தறி, ஃபேன், ஃபிரிட்ஜ், மோட்டார் எல்லாம் நிற்கும். வசனக் காட்சிகளை அன்றைக்கு வையுங்கள். ராத்திரியே பேட்டரி எல்லாம் சார்ஜ் ஏறியிருக்க வேண்டும். லைட் இருக்காது என்பதால் ஜன்னல் ஓரமாக ஆளை உட்கார வைத்து, மறுபக்கம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் ஷீட்டைப் பிடித்தால் முகத்துக்கு வெளிச்சம் போதும். கரண்ட் வெளிச்சத்தில் எடுப்பதென்றால் கேமராவின் ஷட்டர் வேகத்தை 1/50 விநாடியில் வையுங்கள். நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ். 1/60 வைத்தால் சில எல்இடி, டியூப்லைட் வெளிச்சத்தில் பட்டை பட்டையாக ஓடும்.

வெளியில் காற்றுதான் எதிரி. ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றுக்கு, மைக்கோடு வரும் ஸ்பாஞ்சு உறை பத்தாது. முடி வைத்த உறை வேணும். பொள்ளாச்சித் தென்னந்தோப்பில் ஓலை உரசும் சத்தம் வேறு. காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னால் வசனத்தை முடித்துவிட்டு, பேச்சில்லாத ஷாட்களைப் பிறகு எடுப்பது நல்லது.

மைக் வாய்க்கு ஒன்றரை, ரெண்டு அடிக்குள், ஃபிரேமுக்கு மேலிருந்து நெஞ்சைப் பார்த்து இருக்கட்டும். நீளக் கம்பில் மாட்டிப் பிடிக்கும் பூம் மைக் இல்லையா? காலர் மைக்கை இன்னொரு செல்போனில் சொருகி, ஏர்பிளேன் மோடு போட்டு, நடிப்பவர் பாக்கெட்டில் வைத்தால் போதும். கஞ்சி போட்ட சட்டை மைக்கில் மொரமொரக்கும், துவைத்த பழைய சட்டையே உத்தமம். ரெக்கார்டிங் மீட்டரில் பேச்சின் உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் இருக்கட்டும். 0-வைத் தொட்டு உடைந்த சத்தத்தைச் சரிசெய்வது பெரும்பாடு. படத்தையும் சத்தத்தையும் பொருத்த ஒவ்வொரு டேக்குக்கும் ஃபிரேமுக்குள் ஒரு கைத்தட்டு வேணும். ஒவ்வொரு இடத்திலும் யாரும் பேசாமல் 30 விநாடி அந்த இடத்தின் வெறும் சத்தத்தையும் எடுங்கள். வெட்டு தெரியாமல் ஒட்ட எடிட்டருக்கு அதுதான் கைகொடுக்கும். செல்போன் வீடியோவில் ஃபிரேம் வேகம் ஏறி இறங்கும், தனியாக எடுத்த ஆடியோ போகப்போக விலகும். எடிட்டிங்குக்கு முன்னால் ஹேண்ட்பிரேக் (HandBrake) என்ற இலவச சாஃப்ட்வேரில் நிலையான வேகத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

சத்தத்தைக் கவனிக்க ஹெட்போன் போட்டிருப்பவர் "இன்னொரு டேக்குங்க" என்றால் டைரக்டர் கேட்டாக வேண்டும். ஃப்ரெண்ட்ஸ் டீமில் இதைச் சொல்லத்தான் எல்லாரும் கூச்சப்படுகிறார்கள். தோட்டத்துக்காரரிடம் பேசுவதும் அவர் வேலையாகவே இருக்கட்டும்: "ஏனுங்கண்ணா, ஒரு பத்து நிமிசம் மோட்டாரை நிறுத்திக்கலாமுங்களா?" தண்ணி பாய்கிற நேரத்தில் கேட்டால் நடக்காது, முதல் நாளே கேட்டு வையுங்கள்.

பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கால் ஓரம் எடுப்பதானால், அந்த லொக்கேஷனை ஒரே மூச்சில் முடித்துவிடுங்கள். மண்டலம் மண்டலமாக முறை வைத்துத்தான் தண்ணி விடுகிறார்கள். இந்த வாரம் கரை தொட்டு ஓடிய வாய்க்கால் விட்ட ஷாட்டை எடுக்கப் போகும்போது காய்ந்து கிடக்கலாம், ஷாட்டுக்கு ஷாட் இருக்க வேண்டிய தொடர்ச்சி (கன்டினியூட்டி) போச்சு.

டைட்டிலில் யார் பேர் எங்கே என்பதை ஷூட்டிங்குக்கு முன்பே எழுதி வைத்துவிடுங்கள். கதை யாருடையது என்ற சண்டை எடிட்டிங் முடிந்த பிறகுதான் வரும். 100 எம்பிபிஎஸ்-ல் (விநாடிக்கு 100 மெகாபிட்) எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி பிடிக்கும். ரெண்டு ஹார்ட் டிஸ்கில் காப்பி ஏறி, ஒவ்வொன்றிலும் நாலைந்து கிளிப்பை ஓட்டிப் பார்த்த பிறகுதான் கார்டை ஃபார்மட் செய்யலாம். அந்த வேலை ஒரே ஒரு ஆளிடம் மட்டும் இருக்கட்டும்.