கண்ணப்பர் கதையை நான் சொல்வதில்லை

இலங்கையில் தரம் 1 முதல் சாதாரணதரம் வரை சமயம் கட்டாய பாடம். ஆகவே எங்கள் விசேட கல்வி அலகின் நேரசூசியிலும் சைவநெறி இருக்கிறது. பாடப்புத்தகத்தில் நாயன்மார் கதை, தேவாரம், விரதம் என்று வரும். என்னிடம் வருகிற பிள்ளைகளில் சிலர் பேசுவதே இல்லை, சிலர் கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வார்கள், இன்னும் சிலருக்குச் சொன்னது சொன்னதுதான், உட்பொருள் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இந்தக் கடைசிப் பிள்ளைகளுக்காகத்தான் கண்ணப்பரைத் தள்ளி வைத்திருக்கிறேன். நமக்கு அது அன்பின் உச்சம். ஓட்டிசம் உள்ள ஆறு வயதுப் பிள்ளைக்கோ ஒருவர் அம்பால் தன் கண்ணைத் தோண்டுகிறார், அவ்வளவுதான். பெற்ற பிள்ளையையே கறியாக்கிய சிறுத்தொண்டர் கதையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். சம்பந்தர் பரவாயில்லை: அப்பா குளத்தில் முழுகிக் குளித்தார், பிள்ளை அழுதது, அம்மன் கிண்ணத்தில் பால் கொடுத்தார். ஒரு கிண்ணமும் கொஞ்சம் பாலும் இருந்தால் பேசாத பிள்ளையும் அந்தக் கதைக்குள் வந்துவிடும்.

மற்றபடி என் பாடம் முழுக்கப் பூசைதான். கால் கழுவு, விபூதி பூசு, பூ வை, மணி அடி, கும்பிடு என்று பட அட்டைகளை ஒட்டி, ஒவ்வொரு கிழமையும் அதே ஒழுங்கில் செய்வோம், ஏனென்றால் அடுத்தது என்ன என்று தெரிந்தாலே பாதிப் பதற்றம் போய்விடும். மணிச் சத்தத்துக்குக் காதைப் பொத்துகிற பிள்ளையின் கையிலேயே மணியைக் கொடுத்துப் பாருங்கள், தானே எழுப்புகிற சத்தத்தைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். விபூதியை நாமாக நெற்றியில் அப்பிவிடக் கூடாது, தட்டை நீட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். பொடி பிடிக்காதவர் சந்தனத்தைத் தொடுவார், சிலர் இரண்டையும் தொடமாட்டார்கள், சரி, விட்டுவிடலாம். இழுப்பு (ஆஸ்துமா) உள்ள பிள்ளை இருந்தால் சாம்பிராணி வேண்டாம்.

“தேவாரம் முழுக்கப் பாடுறான் ரீச்சர், தண்ணி வேணும் எண்டு மட்டும் கேக்கமாட்டான்” என்று ஒரு தாய் சொன்னார். பொருள் விளங்கித்தான் பாடுகிறானா என்று நான் சோதிப்பதில்லை (பிரார்த்தனை மண்டபத்தில் பாடுகிற நாங்கள் எல்லோரும் விளங்கியா பாடுகிறோம்?). அவன் பாடத் தொடங்கினால் மற்றப் பிள்ளைகள் வந்து பக்கத்தில் இருக்கிறார்கள், அது எனக்குப் போதும்.

கோயிலுக்குக் கூட்டிப்போகிற பெற்றோருக்கு: திருவிழா நாளில் தொடங்காதீர்கள். பூசை முடிந்து தவிலும் நாதஸ்வரமும் ஓய்ந்த நேரம், வெயில் ஏறித் தரை சுட முன்னம் போங்கள். யாழ்ப்பாணத்துக் கோயில்கள் பலவற்றில் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டும். உடுப்பு மாற்றினாலே அலறுகிற பிள்ளைக்கு வாசலிலேயே எல்லாம் முடிந்துவிடும். ஐயரிடம் முன்கூட்டியே சொல்லிப் பாருங்கள், சிலர் விடுவார்கள். விடாவிட்டால் வெளிவீதியைச் சுற்றிக் கும்பிட்டுவிட்டு வாருங்கள்.