குறையாத ஆயில்

கோத்தகிரியில் பட்டறை வைத்த மூன்றாம் ஆண்டு. ஜனவரிக் குளிரில், காலை ஏழு மணிக்கே கொழுந்து ஏற்றும் பழைய டீசல் ஜீப் ஒன்று வந்து நின்றது. ஆயில் விளக்கு, அதாவது ஆயில் அழுத்தம் குறைந்தால் எரியும் எச்சரிக்கை விளக்கு, எரிகிறதாம்.

"எப்போது அண்ணா எரிகிறது?"

"மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வந்து, கடைவீதி நெரிசலில் நிற்கும்போது. ஆக்சிலேட்டரை மிதித்தால் அணைந்துவிடும்." பிறகு, பெருமையாக: "ஆறு மாதமாக இதற்குச் சொட்டு ஆயில் ஊற்றியதில்லை தம்பி."

ஆயில் அளவு காட்டும் குச்சியை உருவிப் பார்த்தேன். மேல் கோட்டையும் தாண்டி ஆயில் இருந்தது. அந்த விளக்கை எரியவிடும் ஆயில் சுவிட்சைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் அழுத்த மீட்டரை மாட்டினேன். 60 பவுண்டு. ஆயில் பம்ப் நன்றாக இருக்கிறது, சுவிட்ச்தான் பொய் சொல்கிறது என்று முடிவு கட்டி, புதியதைப் போட்டு அனுப்பினேன்.

நான்காம் நாள் மதியம் அதே ஜீப், அதே விளக்கு.

இரவெல்லாம் குளிரில் நின்ற எஞ்சினில் ஆயில் பாகு போலக் கெட்டியாக இருக்கும். எவ்வளவு தேய்ந்த எஞ்சினும் அப்போது நல்ல அழுத்தம் காட்டும். இது எனக்குத் தெரியாததல்ல, குளிரில் அவசரப்பட்டேன். இம்முறை மீட்டரை மாட்டியபடியே, குஞ்சப்பனை வரை இறங்கி ஏறினோம். சூடேறிய எஞ்சின், ஸ்லோவில் (ஆக்சிலேட்டரை மிதிக்காமல்) 5 பவுண்டு. ஏறக்குறைய அந்த அளவில்தான் சுவிட்ச் விளக்கை எரியவிடும். பாவம், பழைய சுவிட்ச் உண்மையைத்தான் சொல்லியிருந்தது.

எஞ்சின் தண்டைத் தாங்கும் மெயின் பேரிங் தேய்ந்து போய்விட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் அந்தச் சொட்டு ஆயில் பெருமை நினைவுக்கு வந்தது. இந்த வயது எஞ்சின் ஆயில் குடிக்காமல் இருக்குமா? குச்சியை மறுபடி உருவி, இம்முறை முகர்ந்து பார்த்தேன். டீசல் வாடை. செய்தித்தாளில் ஒரு சொட்டு விட்டேன். நடுவே கருமை நிற்க, அதைச் சுற்றி எண்ணெய் வளையம் அகலமாகப் பரவிக்கொண்டே போனது.

ஏ.சி. பம்பைக் கழற்றினேன். (குளிர்சாதனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் பம்புக்குப் பட்டறைகளில் அதுதான் பெயர்.) உள்ளே இருக்கும் டயாப்ரம் என்ற சவ்வு ஓரத்தில் கீறியிருந்தது. அந்தக் கீறல் வழியாக டீசல் கசிந்து, எஞ்சின் அடியில் ஆயில் நிற்கும் சம்புக்குள் இறங்கியிருக்கிறது. எஞ்சின் குடித்த ஆயிலுக்கு ஈடாக டீசல் சேர்ந்துகொண்டே வர, குச்சியில் அளவு குறையவில்லை. ஆயில் மட்டும் தண்ணீர் போல இளகி, அழுத்தம் விழுந்துவிட்டது.

சம்பை இறக்கி ஒரு பேரிங்கையும் பார்த்துவிட்டேன். அதன் சாம்பல் நிறப் பூச்சு உரியவில்லை. தேய்ந்து அடியிலுள்ள செம்பு தெரிந்திருந்தால் செலவே வேறு. புது டயாப்ரம், ஃபில்டர், 15டபிள்யூ-40 ஆயில். மறுபடி மலை இறங்கி ஏறியபோது, சூட்டில் ஸ்லோவிலேயே 20 பவுண்டு நின்றது. சுவிட்சுக்கு வாங்கிய பணத்தைக் கூலியில் கழித்துக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்து ஓட்டுநர் கவலையோடு வந்தார். "தம்பி, ஆயில் ஒரு விரல் இறங்கியிருக்கிறதே?"

"அப்படியா அண்ணா, நல்லது" என்றேன். அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார்.