மேலே போகப் போகக் குளிரும் என்பது பாதிக் கதை

காலையில் செய்திகளைத் திறப்பதற்கு முன்னால் ஒரு கோட்டைப் பார்ப்பது எனக்குப் பழக்கம். வானிலை பலூன் ஒன்று தரையிலிருந்து கிளம்பி, சுமார் முப்பது கிலோமீட்டர் உயரத்தில் உப்பி வெடிக்கும் வரை, காற்றின் வெப்பநிலையை ரேடியோ வழியாகச் சொல்லிக்கொண்டே போகும். உலகம் முழுக்க நூற்றுக்கணக்கான நிலையங்களில் கிரீன்விச் நேரப்படி 0 மணிக்கும் 12 மணிக்கும் இப்படிப் பறக்க விடுகிறார்கள். அந்த அளவுகளைக் கோடாக வரைந்து இணையத்தில் போட்டுவிடுவார்கள், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நான் வானிலைத் துறையில் வேலை பார்ப்பவன் இல்லை. சும்மா ஒரு பைத்தியம், அவ்வளவுதான்.

இந்தக் கோட்டைப் பார்க்க ஆரம்பித்த பிறகு பாடப்புத்தகத்தில் வரும் வளிமண்டலப் படத்தின் மேல் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வந்துவிட்டது. நாலு வண்ணப் பட்டைகள், நடுவில் வழவழப்பாக வளைந்து போகும் ஒரு கோடு. நிஜக் கோடு அப்படி இருப்பதே இல்லை. குறையும், திடீரென்று கூடும், நின்று போகும், மறுபடி குறையும். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணங்களைத்தான் படம் சொல்லாமல் விட்டுவிடுகிறது.

முதலில் அந்தப் பழைய கேள்வி. மலை ஏறினால் சூரியனை நோக்கித்தானே போகிறோம், அப்புறம் ஏன் குளிர்கிறது? 18ஆம் நூற்றாண்டில் ஜெனிவாவைச் சேர்ந்த சோசூர் என்பவர் இதைச் சோதித்தே பார்த்தார். கண்ணாடி மூடிய, உள்ளே கறுப்பாக்கிய ஒரு பெட்டியை ஆல்ப்ஸ் மலை உச்சி ஒன்றுக்குத் தூக்கிக்கொண்டு போய் வெயிலில் வைத்தார். பிறகு கீழே இறங்கி வந்து அதையே செய்தார். இரண்டு இடத்திலும் பெட்டிக்குள் ஏறிய சூடு ஏறக்குறைய ஒன்றுதான். வெளிக்காற்று மட்டும் மேலே பல டிகிரி குளிர்ந்திருந்தது. ஆக, வெயிலில் குறை இல்லை. வெயிலின் பெரும்பகுதி காற்றை அதிகம் சூடாக்காமலேயே ஊடுருவி வந்து தரையைச் சுடுகிறது. காற்று தன் சூட்டைத் தரையிடமிருந்து வாங்கிக்கொள்கிறது.

பலரும் இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள்: ‘தரையிலிருந்து தள்ளிப் போகிறோம், அதனால் குளிர்.’ அது போதாது. திபெத் பீடபூமியும் தரைதான், அங்கேயும் வெயில் சுடுகிறது. ஆனாலும் அங்கே கடற்கரைச் சூடு இல்லை. இன்னொரு பாதி காரணம் அழுத்தத்தில் இருக்கிறது. சூடான காற்று மேலே கிளம்பும்போது சுற்றியுள்ள அழுத்தம் குறைந்துகொண்டே வரும். அதனால் அது விரியும். விரிவதென்றால் அக்கம்பக்கத்துக் காற்றைத் தள்ள வேண்டும், தள்ளுவதற்கு ஆற்றல் வேண்டும். அந்த ஆற்றலைத் தன் கையிருப்பிலிருந்துதான் செலவு செய்கிறது. யாருக்கும் வெப்பத்தைக் கொடுக்காமலேயே அது குளிர்ந்துவிடுகிறது! இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு ஜீரணிக்கவே முடியவில்லை. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுமே, அதே விதி திருப்பிப் போடப்பட்டிருக்கிறது.

காய்ந்த காற்றாக இருந்தால் இந்தக் கணக்கு ஒரு கிலோமீட்டருக்கு 9.8 டிகிரி செல்சியஸ். ஈரக் காற்றின் கணக்கு வேறு. குளிர்ந்து மேகமாகும்போது நீராவி தன்னிடம் ஒளித்து வைத்திருந்த வெப்பத்தை வெளியே விடும். அதனால் ஈரமும் வெப்பமும் மிகுந்த இடங்களில் மேகத்துக்குள் குறைவது கிலோமீட்டருக்கு 4, 5 டிகிரிதான். எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரியாக 6.5 என்கிறார்கள். விமானத் துறையின் சர்வதேசத் தர வளிமண்டலம் இந்த எண்ணில்தான் நிற்கிறது: கடல் மட்டத்தில் 15 டிகிரி, 11 கிலோமீட்டரில் மைனஸ் 56.5.

இந்த இரண்டு வேகங்களுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் சும்மா விடாது. ஈரக் காற்று மலையின் ஒரு பக்கம் மழையைக் கொட்டிக்கொண்டே ஏறும்போது மெதுவாகக் குளிர்கிறது. மறுபக்கம் காய்ந்து இறங்கும்போது வேகமாகச் சூடாகிறது. அதனால் அடிவாரத்துக்குப் புறப்பட்டதைவிடச் சூடாக வந்து சேரும். ஆல்ப்ஸில் இதற்குப் பெயர் ஃபோன். ராக்கி மலைகளின் கிழக்கே சினூக். அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் ஸ்பியர்ஃபிஷ் என்ற ஊரில் 1943 ஜனவரி 22 அன்று, இப்படி இறங்கி வந்த காற்றால் மைனஸ் 20 டிகிரியாக இருந்த வெப்பநிலை இரண்டே நிமிடத்தில் 7 டிகிரிக்கு ஏறியது. குளிருக்குப் போர்த்தியிருந்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்!

சரி, கோட்டுக்கு வருவோம். தெளிவான இரவு முடிந்து விடியற்காலையில் எடுத்த கோடு என்றால் அடியிலேயே ஒரு விசித்திரம் தெரியும். தரையிலிருந்து சில நூறு மீட்டர் வரை வெப்பநிலை குறைவதற்குப் பதில் கூடும். இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுக் குளிர்ந்து, தன்னை ஒட்டிய காற்றையும் குளிர வைத்துவிடுகிறது. கனமான குளிர்காற்று கீழே, லேசான சூடு மேலே. பானைக்கு மூடி போட்டது போல ஆகிவிடும், புகை மேலே போக வழி இருக்காது. 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டன் மேல் இப்படி ஒரு மூடி உட்கார்ந்திருந்தது. நிலக்கரிப் புகை அதற்கடியிலேயே தேங்கி ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். காற்று மாசு பற்றிப் பேசும்போது எவ்வளவு புகை விட்டார்கள் என்று எல்லோரும் கேட்கிறார்கள். அன்றைக்கு மூடி எந்த உயரத்தில் இருந்தது என்று கேட்பவர் குறைவு.

மேலே இன்னொரு பெரிய மூடி இருக்கிறது. பிரான்ஸில் ட்ராப் என்ற ஊரில் லியோன் டெஸ்ரான் டி போர் என்பவர் இருநூறுக்கும் மேற்பட்ட பலூன்களைக் கருவிகளோடு விட்டார். சுமார் 11 கிலோமீட்டருக்கு மேல் குளிர் கூடுவது நின்று போவதைப் பார்த்தார். பூச்சியம் கெல்வினை, அதாவது மைனஸ் 273 டிகிரியை நோக்கிக் குறைந்துகொண்டே போகும் என்று எல்லோரும் நம்பிய காலம் அது. வெயில் கருவியைச் சூடாக்கி ஏமாற்றுகிறதோ என்று சந்தேகப்பட்டு இரவிலும் விட்டுப் பார்த்தார். அப்போதும் அதே முடிவு. 1902இல் அறிவித்தார். அதே சமயத்தில் ஜெர்மனியில் ரிச்சர்ட் ஆஸ்மானும் தனியாக அதையே கண்டிருந்தார். இந்த எல்லைக்குக் கீழே உள்ள அடுக்குக்கு ட்ரோபோஸ்பியர், மேலே உள்ளதற்கு ஸ்ட்ராடோஸ்பியர் என்ற பெயர்கள் டெஸ்ரான் டி போர் வைத்தவை. தன் கருவியையே முதலில் சந்தேகப்பட்ட மனிதர் என்பதால் எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

இந்த எல்லை எங்கும் ஒரே உயரத்தில் இல்லை. துருவங்களில் 8, 9 கிலோமீட்டர். வெப்பமண்டலத்தில் 16, 17. அங்கே காற்று அதிக உயரம் வரை ஏறி விரிவதால் எல்லையைத் தொடும்போது மைனஸ் 80 டிகிரி வரை போய்விடும். துருவத்தின் எல்லையில் பொதுவாக அவ்வளவு குளிர் இருக்காது. பூமியின் மிகச் சூடான பகுதிகளுக்கு நேர் மேலேதான் அந்த எல்லை மிகவும் குளிர்ந்திருக்கிறது.

அதற்கு மேல் ஓசோன் புற ஊதாக் கதிரை உறிஞ்சிக் காற்றைச் சூடாக்குகிறது. ஓசோன் செறிந்திருப்பது 20, 25 கிலோமீட்டரில். ஆனால் சூடு உச்சத்தைத் தொடுவது 50 கிலோமீட்டர் வாக்கில். வடிகட்டப்படாத கதிர் முதலில் மேலேதான் விழுகிறது, அங்கே காற்றும் மிக மெலிது, கொஞ்சம் ஆற்றலே போதும். வெப்பநிலை அங்கே பூச்சியம் டிகிரியை நெருங்கிவிடும்.

மறுபடி இறக்கம். 85 கிலோமீட்டர் அருகே துருவப் பகுதியில் மைனஸ் 130 டிகிரி வரை போகும், அதுவும் கோடைகாலத்தில்! அங்கே கோடையில் காற்று மெல்ல மேலேறி விரிகிறது, அதே பம்பு விதி. அதற்கும் மேலே ஆயிரம் டிகிரி என்று எண் வரும். அங்கே மூலக்கூறுகள் வேகமானவை, ஆனால் எண்ணிக்கையில் அற்பம். சாதாரணத் தெர்மாமீட்டரை அங்கே கொண்டுபோய்ப் பயனில்லை.

இந்தக் கோட்டை வைத்து ஒரு வழக்கையும் விசாரிக்கலாம். பூமி சூடாவதற்குக் காரணம் சூரியன்தான் என்று வாதிடுபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். கார்பன் டை ஆக்சைடு கூடினால் கீழ்க்காற்று சூடாகும், ஸ்ட்ராடோஸ்பியர் குளிரும் என்று மனாபே, வெதரால்ட் என்ற இரண்டு வானிலை விஞ்ஞானிகள் 1967இலேயே கணக்கிட்டுக் காட்டினார்கள். மேலே உள்ள அந்த மெல்லிய காற்றில் இந்த வாயு கூடக் கூட, விண்வெளிக்கு வெப்பத்தை விடுவதும் கூடும். பலூன்களும் செயற்கைக்கோள்களும் பல பத்தாண்டுகளாகக் காட்டுவதும் அதையே. ஓசோன் குறைந்ததற்கும் அந்தக் குளிரில் ஒரு பங்கு உண்டு, குறிப்பாக அடிப்பகுதியில். ஆனால் சூரியன் கூடுதலாகச் சுட்டிருந்தால் மேலும் கீழும் சேர்ந்தே சூடாகியிருக்க வேண்டும்.