மூக்குத்தி ஓரமாய்ப் போன காற்று

ராத்திரி இரண்டு மணிக்கு என் வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்து, "என்ன புள்ள, அடுப்புல குக்கர வச்சுட்டு வந்து படுத்துட்டியா?" என்று கேட்டார். குக்கர் இல்லை. என் மூக்கின் மேலிருந்த மாஸ்க்தான் புஸ்ஸென்று காற்றை விட்டுக்கொண்டிருந்தது. தூக்கத்தில் மூச்சு நின்றுபோகாமல் இருக்க மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்புகிற சி-பேப் மெஷின் வீட்டுக்கு வந்து அது நாலாவது ராத்திரி. முதல் மூன்று ராத்திரியும் இதே கூத்துதான், அவர் எழவில்லை, அவ்வளவே.

மெஷின் வரை போன கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்களுக்குச் சின்னதாக ஒரு கொலுசுப் பட்டறை. கணக்கு என் பொறுப்பு. வயது 53. மாதவிலக்கு நின்றதிலிருந்து பட்டப்பகலில் கணக்கு நோட்டின் மேலேயே தூங்கி விழ ஆரம்பித்தேன். ஒருநாள் 850 கிராம் வெள்ளி கொடுத்துவிட்டு 580 என்று எழுதிவைத்து, பட்டறையில் பெரிய பஞ்சாயத்தாகிவிட்டது. அந்த வாரம்தான் மகள் என் குறட்டையை போனில் பதிவு செய்து போட்டுக் காட்டினாள். குறட்டை, அப்புறம் சத்தமே இல்லை, அப்புறம் கிணற்றில் முங்கி எழுந்தவள் மாதிரி ஒரு மூச்சு. குறட்டை வெட்கமாக இருந்தது. நடுவில் அந்தச் சத்தமில்லாத நேரம்தான் வயிற்றைக் கலக்கியது.

தூங்கும்போது மூச்சைப் பதிவு செய்து பார்க்கிற ஸ்லீப் ஸ்டடியில் மணிக்கு 38 என்று வந்தது. அதாவது ஒரு மணி நேரத்தில் 38 தடவை மூச்சு நிற்கிறது அல்லது வெகுவாகக் குறைகிறது, ஒவ்வொரு தடவையும் குறைந்தது 10 விநாடி. 5-க்குள் இருந்தால் பயமில்லை, 30-ஐத் தாண்டினால் தீவிரம். தூங்கும்போது தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுப் பாதையை அடைத்துக்கொள்கிறது, மெஷின் காற்றழுத்தத்தால் அதைத் திறந்து வைத்திருக்கும் என்று மருத்துவர் விளக்கினார். அதுவரை குண்டான ஆம்பிளைகளுக்கு வருகிற நோய் என்று நினைத்திருந்தேன். மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கும் கூடுமாம்.

மெஷினும் மாஸ்க்கும் சேர்ந்து 60,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. வாங்கிய கடையில் என்னை நாற்காலியில் உட்கார வைத்து, மெஷினைப் போடாமலே மாஸ்க்கை மாட்டி, கண்ணாடியில் காட்டி, "சூப்பரா இருக்கு மேடம்" என்று அனுப்பிவிட்டார்கள். ஜாக்கெட்டுக்கு அளவு எடுக்கிற தையல்காரர் இதைவிட அதிக நேரம் செலவழிப்பார். உட்கார்ந்திருக்கும் முகம் வேறு, படுத்திருக்கும் முகம் வேறு. படுத்தால் கன்னச் சதை பக்கவாட்டில் சரிகிறது. அதோடு மெஷின் ஓடும்போது உள்ளே காற்று தள்ளுகிறது. இது எதுவும் அன்றைக்கு எனக்குத் தெரியாது.

தெரியாததால், லீக் ஆனால் எல்லாரும் செய்வதையே செய்தேன். ஸ்ட்ராப்பை இழுத்து இறுக்கினேன். இன்னும் சத்தம் வந்தது, இன்னும் இறுக்கினேன். ஒரு வாரத்தில் மூக்குத்தண்டில் தோல் உரிந்து சிவந்த கோடு. மேல்பக்கமாகக் கசிந்த காற்று நேராகக் கண்ணில் அடித்து, காலையில் இரண்டு கண்ணும் செக்கச் செவேல். மெட்ராஸ் ஐ என்று நினைத்து மகள் என் துண்டைத் தனியாக எடுத்து வைத்துவிட்டாள். காலையில் மெஷின் திரையில் முந்தைய ராத்திரி லீக் கணக்கு தெரியும். என் மெஷினுக்கு நிமிடத்துக்கு 24 லிட்டர்தான் எல்லை, எனக்கு 41. மூச்சு நிற்பது 38-இலிருந்து 14-க்கு இறங்கியிருந்தது, அதற்குக் கீழே போக மறுத்தது. காற்று வெளியே போய்க்கொண்டே இருந்தால் தொண்டைக்குப் போக வேண்டிய அழுத்தம் எங்கிருந்து வரும்?

இதற்கு நடுவில் வீட்டுக்காரர் ஒரு வைத்தியம் செய்தார். கொலுசு முத்து கோப்பதைப் பார்க்கிற பூதக்கண்ணாடியை எடுத்து வந்து மாஸ்க்கைத் துருவிப் பார்த்துவிட்டு, "இதோ பாரு, முன்பக்கம் பூரா பொடிப் பொடி ஓட்டை. இதுலதான் போகுது" என்று பிளாஸ்திரி ஒட்டிவிட்டார். அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. மூச்சு முட்டிப்போய் பிய்த்து எறிந்தேன். அடுத்த நாள் அதைக் கேட்டதும் ஆஸ்பத்திரி டெக்னீஷியன் பெண் தலையில் கைவைத்துக்கொண்டாள். "அக்கா, அது லீக் இல்ல. நீங்க வெளிய விடுற மூச்சு போறதுக்காகவே வச்ச வழி. அத அடைச்சா, விட்ட கெட்ட காத்தையே திரும்ப இழுப்பீங்க." இதை வாசிக்கிற யாராவது டேப்பும் கையுமாக இருந்தால் தயவுசெய்து கீழே வையுங்கள்.

அந்தப் பெண் செய்ததுதான் உருப்படியான வேலை. கட்டிலில் படுக்க வைத்து, எனக்குரிய அழுத்தத்தில் மெஷினை ஓடவிட்டு, எல்லா ஸ்ட்ராப்பையும் தளர்த்தினாள். மாஸ்க்கை முகத்திலிருந்து ஒரு விரல் அளவு தூக்கி மெதுவாக விட்டாள். குஷன் காற்றில் உப்பி, தானாகவே மூக்கைச் சுற்றி உட்கார்ந்தது. அதன் பிறகு கீழ் ஸ்ட்ராப் இரண்டையும் துளி இறுக்கினாள், அவ்வளவுதான். குஷனின் ஓரம் மெல்லிய சிலிகான். அது காற்றில் விரிந்து தோலோடு ஒட்ட வேண்டும். இறுக்கினால் மடிந்து சுருங்கிவிடும், சுருக்கத்தின் வழியாகக் காற்று ஓடும். நான் ஒரு வாரம் என் கையாலேயே லீக்கை உண்டாக்கியிருக்கிறேன். வீட்டில் சொன்னபோது அவர் ஏதோ ரொம்ப நாளாகத் தெரிந்தவர் போல, "கொலுசுத் திருகாணியும் அப்படித்தான், அளவுக்கு மேல முறுக்குனா மரை போயிடும்" என்றார். பிளாஸ்திரி ஒட்டியவர்.

அப்புறம் இந்தப் பக்கம் திரும்பு, அந்தப் பக்கம் திரும்பு என்று படுக்கையிலேயே உருட்டிப் பார்த்தாள். வலப்பக்கம் திரும்பியபோது மட்டும் புஸ். விரலை வைத்துத் தடவிவிட்டுச் சிரித்தாள். என் எட்டுக்கல் பேசரி மூக்குத்தி. குஷன் சரியாக அதன் மேல் ஏறி உட்கார்ந்து, ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. எனக்கு மீடியம் கொடுத்திருந்தார்கள், ஸ்மால்தான் சரி என்பதும் அப்போதுதான் தெரிந்தது. குஷன் மட்டும் தனியாகக் கிடைக்கிறது, முழு மாஸ்க் வாங்கத் தேவையில்லை.

குஷன் மாற்றுவது சுலபம். பேசரியைக் கழற்றுவதுதான் பெரும்பாடு. பதின்மூன்று வயதில் குத்தியது. அத்தைக்கு எண்பது ஆகப்போகிறது. "ராத்திரியில மூக்குத்தியக் கழட்டி வைக்கிறதாவது? எம் பையன் குத்துக்கல்லாட்டம் இருக்கையில?" என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கடைசியில் தட்டையாக ஒரு ஒற்றைக்கல் மூக்குத்தி வாங்கி வந்தார் வீட்டுக்காரர். இரவுக்கு அது, விசேஷத்துக்குப் பேசரி. அந்த வாரம் லீக் 22.

அடுத்த வில்லன் எண்ணெய். தினமும் ராத்திரி தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துக் கொண்டை போட்டுப் படுப்பேன். எண்ணெய் நெற்றிக்கு இறங்கி, ஸ்ட்ராப்பில் ஊறி, குஷன் வழுக்கியது. மாஸ்க் குஷனும் ஒரு குக்கர் கேஸ்கெட்தான் என்று நினைத்துக்கொண்டால் எல்லாம் புரிந்துவிடும். பிசுக்கு ஏறினால் பிடிக்காது. இப்போது எண்ணெய் காலையில், குளிப்பதற்கு முன்பு. படுக்கப்போகும்போது முகம் கழுவித் துடைத்துவிட்டு, கிரீம் எதுவும் கிடையாது. குஷனைத் தினமும் குழந்தை சோப்பில் கழுவி நிழலில் காயவைக்கிறேன். கொண்டைக்குப் பதில் தளர்வாக ஒரு பின்னல், பின் ஸ்ட்ராப்புக்குக் கீழே. சித்திரை வெயிலில் மட்டும் இது எதுவும் வேலைக்கு ஆகவில்லை, வேர்வையில் மாஸ்க் நழுவிக்கொண்டே இருந்தது. மெல்லிய பருத்தித் துணியைக் குஷன் வடிவத்துக்கு வெட்டி, முகத்துக்கும் குஷனுக்கும் நடுவில் வைத்துச் சமாளித்தேன்.

டியூப் விஷயம் சின்னது. புரண்டு படுத்தால் டியூப் மாஸ்க்கை இழுக்கும். கொசுவலை கட்டுகிற ஆணியில் ஒரு நாடா கட்டி, தலைக்கு மேலே தொங்கவிட்டேன், தீர்ந்தது.

வாய் விஷயம் சின்னதில்லை. மாஸ்க் எங்குமே கசியாத ராத்திரிகளிலும் லீக் கணக்கு ஏறியது, காலையில் நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டியிருந்தது. தூக்கத்தில் வாயைத் திறந்துவிடுகிறேன், மூக்கு வழியே போகும் காற்று வாய் வழியே வெளியேறுகிறது. தாடையைக் கட்டுகிற பட்டி ஒன்று வாங்கிப் போட்டேன். கண்ணாடியில் என்னைப் பார்த்து எனக்கே பகீரென்றது, இறந்தவர்களுக்கு அப்படித்தானே கட்டுவோம். பத்து நாளில் தூக்கிப் போட்டேன். காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்துவிட்டு, மூக்கு அடைத்திருந்தால் வாய் திறக்கத்தான் செய்யும் என்று ஒவ்வாமைக்கு ஸ்பிரே கொடுத்தார். பட்டறையில் மெருகு போடுகிற பக்கம் உட்காருவதை நிறுத்தினேன். மெஷினில் ஈரப்பதத்தை ஒரு படி கூட்டினேன். மூன்று வாரத்தில் பெரும்பாலும் வாய் மூடிக்கொண்டது. சிலருக்கு மூடாதாம், அவர்களுக்கு மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுகிற மாஸ்க் இருக்கிறது.

அந்த ஈரப்பதமே மார்கழியில் ஏற்காட்டில் காலை வாரியது. அண்ணன் வீடு அங்கே. இருபது கொண்டை ஊசி வளைவும் மடியில் மெஷினோடு ஏறினேன். 1,500 மீட்டர் உயரத்தில் அழுத்தம் சரியாக வருமா என்று கவலை. என் மெஷின் அதைத் தானாகவே சரிசெய்துகொள்கிற வகை. பிரச்சினை குளிர். நடுராத்திரி டியூபுக்குள் ஹுக்கா மாதிரி குளுகுளுவென்று சத்தம், அப்புறம் மூக்கில் சில்லென்று தண்ணீர், குஷன் நனைந்து வழுக்கி மறுபடி புஸ். சூடான ஈரக்காற்று குளிர்ந்த டியூபில் பட்டு நீராகிவிடுகிறது. அண்ணி தன் பழைய கம்பளி சால்வையை டியூபைச் சுற்றித் தைத்துக் கொடுத்தார். மெஷினைக் கட்டில் மட்டத்துக்குக் கீழே ஸ்டூலில் வைத்து, ஈரப்பதத்தை இரண்டு படி குறைத்தேன். மறுநாள் ஏழு மணி வரை தூங்கினேன். காபி ஆறிப்போயிருந்தது.

லீக்கே இல்லாத ராத்திரி என்று இன்றுவரை ஒன்றுகூட இல்லை. 8, 10, சில நாள் 15. மூச்சு நிற்பது 3. இந்தக் காற்றழுத்த முறையை ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன் 1981-இல் வெளியிட்டபோது மாஸ்க்கை ஒவ்வொரு ராத்திரியும் பசை போட்டு மூக்கோடு ஒட்டுவார்களாம், மகள் படித்துச் சொன்னாள். அதற்கு இது எவ்வளவோ தேவலை.

அவள் போனில் இப்போது இன்னொரு பதிவும் இருக்கிறது. போன வாரம் எடுத்தது. குறட்டை, சத்தமில்லை, அப்புறம் ஒரு பெரிய மூச்சு. அத்தையுடையது. இன்னும் அவருக்குப் போட்டுக் காட்டவில்லை. அவருக்கு இரண்டு பக்கமும் மூக்குத்தி.