தள்ளிப் பார்த்து வாங்கிய க்ரூஸர்

பைக் வீட்டுக்கு வந்து ஐந்து வாரம் ஆகிறது. ஓடோமீட்டர் 640 கிலோமீட்டர் காட்டுகிறது. வாங்குவதற்கு முன் ஏழு மாதம் வேறு நினைப்பே இல்லாமல் அலைந்தேன். அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதெல்லாம் மறந்துபோவதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் என் அளவுகள். உயரம் 158 செ.மீ., எடை 56 கிலோ, வயது 43. பதினோரு வருடம் ஒரே 150 சிசி பைக்கை ஓட்டியவள். தாழ்ந்த சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் க்ரூஸர் வகை பைக்கைப் பற்றி யார் கருத்து சொன்னாலும் அவர் எவ்வளவு உயரம், எவ்வளவு எடை என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆறடி ஆள் "தூக்கிப் போட்டு ஓட்டலாம்" என்று சொல்கிற வண்டி எனக்கு நிறுத்தவே முடியாத வண்டியாக இருக்கலாம்.

க்ரூஸர்தான் என்று முடிவு செய்ததற்கு இரண்டு காரணங்கள். பழைய பைக்கில் இரண்டு மணி நேரம் போனாலே என் மணிக்கட்டு மரத்துப்போகும். முன்னால் குனிந்து உட்காரும்போது மேலுடம்பின் பாரம் கைகளில் இறங்குகிறது. இன்னொரு காரணம் அம்மா. அவளுக்கு 67 வயது. என் பின்னால் உட்கார்ந்து வர அவ்வளவு ஆசை. ஆனால் பழைய பைக்கின் பின் சீட்டு உயரம். முட்டி வலியோடு அவள் காலைத் தூக்கிப் போட்டு ஏறுவதை ஒவ்வொரு முறையும் பார்க்கப் பாவமாக இருக்கும். சீட்டு தாழ்ந்து, கை உயர்ந்து, முதுகு நிமிர்ந்து உட்காரும் வண்டி எங்கள் இரண்டு பேருக்குமே வேண்டியிருந்தது.

தேட ஆரம்பித்த முதல் வாரமே ஒரு பாடம். தெரிந்தவர் ஒருவர் தன் பெரிய க்ரூஸரைக் கொடுத்து, "ஓட்டிப் பாருங்க அக்கா" என்றார். நன்றாகத்தான் ஓட்டினேன். நேர்ச் சாலையில் ரயில் மாதிரி போனது. திரும்பி வந்து லேசாகச் சரிந்த தரையில் நிறுத்தப் போனேன். முன்சக்கரம் கொஞ்சம் திரும்பியிருந்தது, அதே நேரத்தில் முன் பிரேக்கைப் பிடித்துவிட்டேன். வண்டி மெதுவாக இடப்பக்கம் சாய்ந்தது. காலை ஊன்றினேன், இடுப்பு வரை பாரம் ஏறியது, அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியவில்லை. வண்டி தரையில் படுத்துவிட்டது. வேகம்? பூஜ்யம்.

அவர் நல்ல மனிதர், கோபிக்கவில்லை. கிளட்ச் லீவர் வளைந்ததற்கு நான் பணம் கொடுத்தேன். அதைவிட முக்கியமாக, விழுந்த வண்டியை நிமிர்த்தும் முறையைச் சொல்லிக் கொடுத்தார். எஞ்சினை அணைத்து கியரில் போட வேண்டும். வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டில் பின்புறத்தை ஒட்டிக் குந்தி உட்கார வேண்டும். ஒரு கை ஹேண்டில்பாரில், மறு கை ஃப்ரேமில் உறுதியான இடத்தில். அப்புறம் முதுகால் தூக்காமல், கால்களால் தரையை உந்திச் சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நடக்க வேண்டும். வலப்பக்கம் விழுந்திருந்தால் முதலிலேயே சைடு ஸ்டாண்டைத் திறந்துவிட வேண்டும், இல்லையென்றால் நிமிர்ந்த வேகத்தில் இடப்பக்கம் சாய்ந்துவிடும். 56 கிலோ உடம்பை வைத்துக்கொண்டு அந்த வண்டியை நானே நிமிர்த்தினேன்!

அன்றிலிருந்து எந்த ஷோரூமுக்குப் போனாலும் நான் முதலில் கேட்டது சாவி இல்லை. "கொஞ்சம் தள்ளிப் பார்க்கலாமா?" என்றுதான் கேட்டேன். நியூட்ரலில் போட்டு, சீட்டில் உட்கார்ந்தபடியே காலால் உந்தி நான்கு அடி பின்னால் தள்ள வேண்டும். இறங்கி நின்று, ஹேண்டிலைப் பிடித்து அரைவட்டம் திருப்ப வேண்டும். சைடு ஸ்டாண்டிலிருந்து நிமிர்த்தி மறுபடி சாய்க்க வேண்டும். இதில் மூச்சு வாங்கினால் அந்த வண்டியோடு தினமும் காலையில் மூச்சு வாங்க வேண்டும்.

சீட் உயரம் என்று ஒரு எண்ணைப் போடுகிறார்களே, அதை மட்டும் நம்ப முடியாது என்பதும் இப்படித்தான் புரிந்தது. ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியார் 650-இன் சீட் 740 மி.மீ. அதன் தம்பி மீட்டியார் 350-க்கு 765 மி.மீ. காகிதத்தில் பார்த்தால் குள்ளமான எனக்குப் பெரியதுதான் வசதி. ஆனால் பெரியதன் எடை 241 கிலோ, சின்னது 191. அந்த 50 கிலோ வித்தியாசம் ஓடும்போது தெரியவே இல்லை; தள்ளும்போது முழுசாகத் தெரிந்தது. சீட்டின் அகலமும் உண்டு. முன்பக்கம் அகலமான சீட்டு தொடையை விரித்துவிடும், அதனால் உயரம் குறைவாக இருந்தும் குதிகால் தரைக்கு எட்டாமல் போகும். நீங்கள் தினமும் போடுகிற செருப்போ ஷூவோ அதோடு போய் உட்கார்ந்து பாருங்கள்.

தரையில் கால் படுவதை மட்டும் பார்த்தால் ஹோண்டா ரெபெல் 500-ஐ அடிக்க ஆளில்லை. சீட் 690 மி.மீ., எடை 190 கிலோவை ஒட்டி. உட்கார்ந்ததும் இரண்டு பாதமும் முழுசாகத் தரையில். தனியாக ஓட்டுகிறவள் என்றால் அன்றே முன்பணம் கட்டியிருப்பேன். ஆனால் அதன் பின் சீட்டு ஒரு சின்ன மெத்தை மாதிரி. அம்மாவை அதில் வைத்து அரை நாள் போக எனக்கு மனம் வரவில்லை. கவாஸாகி வல்கன் எஸ்-இல் ஒரு விஷயம் ரொம்பப் பிடித்தது: கால் வைக்கும் இடத்தை மூன்று நிலைகளில் மாற்றிக்கொள்ளலாம். உடம்புக்கு ஏற்ப வண்டியை அமைக்க வேண்டும் என்று ஒரு கம்பெனி யோசித்திருப்பதே சந்தோஷம். எடைதான் 230 கிலோவை ஒட்டி வந்துவிட்டது.

க்ரூஸர்கள் ஏன் நேராக அவ்வளவு நிதானமாகப் போகின்றன, ஏன் வளைப்பதற்கு இடம் கேட்கின்றன? இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரட்டைக் குழாயான முன் ஃபோர்க் செங்குத்திலிருந்து எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதை ரேக் என்பார்கள். ஸ்போர்ட்ஸ் பைக்கில் இது சுமார் 24 டிகிரி. பல க்ரூஸர்களில் 28, 30, சிலவற்றில் அதற்கும் மேல். இரண்டு சக்கரங்களுக்கும் இடையிலான தூரமும் அதிகம்: மீட்டியாரில் 1400 மி.மீ., சூப்பர் மீட்டியாரில் 1500. நேர்ச் சாலையில் இதுதான் சுகம். குறுகலான தெருவில் யூ டர்ன் போடும்போது இதுவே சோதனை. அதனால் டெஸ்ட் ரைடில் வேகமாகப் போய்ப் பார்ப்பதைவிட யூ டர்ன் போட்டுப் பார்க்க வேண்டும். அரை கிளட்ச், பின் பிரேக்கை லேசாக மிதித்தபடி, கண்ணைச் சக்கரத்தின் மேல் வைக்காமல் திரும்பிப் போக வேண்டிய திசையில் வைத்து, இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் மூன்று. முன் பிரேக்கை அந்த நேரத்தில் தொடவே கூடாது. நான் எப்படி விழுந்தேன் என்று மேலே சொன்னேனே!

எஞ்சினைப் பற்றி நிறைய பேசலாம், எனக்கும் ஆசைதான். ஆனால் ஒன்றைச் சொன்னால் போதும் என்று நினைக்கிறேன். குதிரைத்திறனைப் பார்க்காதீர்கள், டார்க், அதாவது எஞ்சின் சுழற்றி இழுக்கும் விசை, எத்தனை ஆர்பிஎம்-இல் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்றுகள்) கிடைக்கிறது என்று பாருங்கள். மீட்டியார் 350-இன் சக்தி 20.2 குதிரைத்திறன்தான், இதைவிட அதிக சக்தி தரும் 200 சிசி பைக்குகள் உண்டு. ஆனால் 27 நியூட்டன் மீட்டர் டார்க்கை அது 4000 ஆர்பிஎம்-இலேயே தந்துவிடுகிறது. பிஸ்டனின் விட்டம் 72 மி.மீ., அது மேலும் கீழும் போகிற தூரம் 85.8 மி.மீ. விட்டத்தைவிட ஓட்டம் நீளமான இப்படிப்பட்ட எஞ்சின் அதிக ஆர்பிஎம்-க்கு ஓடாது. கீழேயே நன்றாக இழுக்கும். நான்காவது கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது கியரை மாற்றாமல் ஆக்ஸிலரேட்டரை லேசாகத் திருகினால், முனகாமல் எழுந்து போகிறது. அம்மா பின்னால் இருக்கும்போது அந்த நிதானம் எனக்கு எவ்வளவு முக்கியம்!

சத்தத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஹார்லி டேவிட்சன் பைக்குகளின் அந்தத் தாளம் இருக்கிறதே, அது சைலன்சரின் வேலை மட்டும் இல்லை. இரண்டு சிலிண்டர்கள் 45 டிகிரி இடைவெளியில், இரண்டின் பிஸ்டன் தண்டுகளும் கிராங்க் என்ற சுழலும் தண்டில் ஒரே இடத்தில். அதனால் ஒரு வெடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே கிராங்க் 315 டிகிரி சுழல்கிறது, அப்புறம் 405 டிகிரி. சமமில்லாத அந்த இடைவெளிதான் நடை தப்பிய குதிரை மாதிரி காதில் விழுகிறது. சூப்பர் மீட்டியாரின் இரண்டு சிலிண்டர்கள் பக்கத்துப் பக்கத்தில் நேராக நின்றாலும், கிராங்க்கை 270 டிகிரிக்கு அமைத்து அதிலும் ஒரு சமமற்ற தாளம் கொண்டுவந்திருக்கிறார்கள். அந்த வண்டியை விட்டுவிட்டு வந்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தச் சத்தத்துக்காகவே வாங்கிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

முடிவு அம்மாவால் வந்தது. சூப்பர் மீட்டியார், மீட்டியார் 350 இரண்டிலும் அவளைப் பின்னால் வைத்து ஓட்ட அனுமதி கேட்டேன். பத்து நிமிட டெஸ்ட் ரைடு போதாது, நாற்பது நிமிடம் வேண்டும் என்றும் கேட்டேன், கொடுத்தார்கள். நிறைய பேர் இதைக் கேட்பதே இல்லை. க்ரூஸரில் கால் முன்னால் நீட்டியிருப்பதால் பள்ளம் வரும்போது எழுந்து நிற்க முடியாது. அடி நேராக முதுகின் அடி எலும்பில் இறங்கும். பின் ஷாக் அப்சார்பர்கள் மேலும் கீழும் போக இருக்கும் தூரமும் இந்த வகை வண்டிகளில் குறைவு. இந்த வலி முதல் பத்து நிமிடத்தில் தெரியாது, அரை மணிக்கு அப்புறம்தான் தெரியும்.

பெரியதில் போய்விட்டு வந்து, "எப்படிம்மா இருந்தது?" என்றேன்.

"நல்லாத்தான் இருந்தது. ஆனா சிக்னல்ல நின்னப்பல்லாம் நீ மூச்சைப் பிடிச்சுக்கிட்டே இருந்தேடி. உன் முதுகு கல்லு மாதிரி இருந்தது."

அது எனக்கே தெரியாது. பின்னால் உட்கார்ந்தவள் என் முதுகில் கையை வைத்துக் கண்டுபிடித்துவிட்டாள். மீட்டியார் 350-இல் போய்விட்டு வந்தபோது முதுகைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, "இன்னொரு ரவுண்டு போலாமா?" என்று கேட்டாள். பின்னால் முதுகு சாய்க்கும் தாங்கியோடு வரும் ஸ்டெல்லார் என்ற வகையை எடுத்தோம். தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் இடையே 170 மி.மீ. இருப்பதும் நல்லதாகப் போயிற்று. இரண்டு பேரோடு வேகத்தடையில் ஏறும்போது அடியில் உரசவில்லை.

இதற்கு முன்னால் வேறொரு இடத்தில் வேறொரு வண்டிக்கு முன்பணம் கட்டி ஏமாறப் பார்த்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். டெலிவரிக்கு முந்தைய நாள் வண்டியைக் காட்டச் சொன்னேன். பளபளவென்று துடைத்து வைத்திருந்தார்கள். டார்ச் அடித்து டயரின் பக்கவாட்டைப் பார்த்தேன். நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். 2224 என்றால் 2024-ஆம் ஆண்டின் 22-ஆவது வாரம் செய்த டயர். நான் பார்த்த டயருக்கு 14 மாத வயது. ஓடோமீட்டர் 41 கி.மீ. ஹேண்டில் கிரிப்பின் ரப்பர், கைகள் பட்டுப் பட்டு மினுமினுவென்று ஆகியிருந்தது. டிஸ்ப்ளேவிலும் டெஸ்ட் ரைடிலும் இருந்த வண்டியைப் புதிது என்று தரப் பார்த்தார்கள். "எல்லாம் ஒண்ணுதான் மேடம்" என்றார்கள். எனக்கு ஒன்று இல்லை. பதினோரு வருடத்துக்கு ஒரு முறை வாங்குகிறவள் நான். முன்பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

தயவு செய்து ரெஜிஸ்ட்ரேஷனுக்கு முன்னால் இதையெல்லாம் பாருங்கள். சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் காகிதத்தில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா, ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா, ஹேண்டிலைக் கடைசி வரை இரண்டு பக்கமும் திருப்பினால் கேபிள் எங்காவது இழுபடுகிறதா. கால் மணி நேர வேலை.

முதல் 500 கிலோமீட்டரைப் பொறுமையாக ஓட்டினேன். மெதுவாக ஓட்டினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள்; ஒரே வேகத்தில் ஓட்டிக்கொண்டே இருக்கக் கூடாது என்பதும் அதே அளவு முக்கியம். பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டரோடு பழக வேண்டும் என்றால் ஆர்பிஎம் ஏறி இறங்க வேண்டும். மேல் கியரில் திணற விடுவதும் கெடுதல். புது டயரின் மேல்தோலும் வழுக்கும், அதனால் முதல் நூறு கிலோமீட்டருக்கு வளைவில் அதிகம் சாய்க்கவில்லை. முதல் சர்வீஸில் எண்ணெயை மாற்றியதும் கியர் விழுவது நன்றாக மென்மையாகிவிட்டது.

அம்மாவோடு போகும்போது பின் ஷாக்கை இரண்டு படி இறுக்கிக்கொள்கிறேன். மொத்தம் ஆறு படி, வண்டியோடு வந்த ஸ்பேனரே போதும். போன ஞாயிற்றுக்கிழமை அதைத் திருகிக்கொண்டிருந்தபோது அம்மா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு தயாராக வந்து நின்றாள். வண்டியை வெளியே எடுக்க வேண்டியிருந்தது. வாசலில் லேசான ஏற்றம். பின்னால் தள்ளினேன், வந்துவிட்டது.

"ஏறலாமா?" என்றாள்.

"ஏறும்மா."

என் தோளைப் பிடித்துக்கொண்டு, முட்டியை மடக்கி, ஒரே முறையில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.